பஸ்ஸில் ரீல்ஸ் சத்தம்: உடைந்தது பையனின் போன், வழக்கு என் மேலா?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் வாசகி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

நைட் டூட்டி முடிந்து காலையில் பெரியார் நிலையத்தில் செக்கானூரணி டவுன் பஸ் ஏறுவார். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஊர் வரும்வரை ஒரு தூக்கம் போடலாம். சில மாதங்களாக அதற்கு வழியில்லை. முன்சீட்டில் ஒருவர் கிரிக்கெட் பார்க்கிறார், பக்கத்தில் ஒருவர் வீடியோ கால் பேசுகிறார், எல்லாமே ஸ்பீக்கரில். அன்று பஸ் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டியிருந்தது. பின்சீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் ஒரே ரீல்ஸைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறான். "தம்பி, கொஞ்சம் கம்மி பண்ணுப்பா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். "காசு குடுத்து டிக்கெட் எடுத்தவன் நானு. ஓசியில வர்ற நீங்க நாட்டாமை பண்றீங்களா?" என்று அவன் கேட்க, நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். கண்டக்டரைப் பார்த்தால், "காலங்காத்தால ஏம்மா, அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். இவர் எழுந்து திரும்பி, அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். அணைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன் என்கிறார். பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்க, போன் படிக்கட்டுப் பக்கம் விழுந்து டிஸ்ப்ளே உடைந்தது.

இப்போது பையனின் அப்பா புது போனுக்கு 14,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்காவிட்டால் வழிப்பறி வழக்குப் போடுவேன் என்கிறார். கூட வேலை பார்க்கும் தோழியோ, "பெண் வன்கொடுமைச் சட்டத்தில் ஒரு புகார் முந்திக் கொடுத்துவிடு, அடங்கிவிடுவார்கள்" என்கிறார். அந்தத் தோழி அன்று அதே பஸ்ஸில் இருந்தவர். பையன் பேசியதை வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறார். அதை ஃபேஸ்புக்கில் போடலாமா, 85 டெசிபலுக்கு மேல் போனால் குற்றம் என்கிறார்களே, ஆப்பில் அளந்து வைத்துக்கொண்டால் உதவுமா, வேடிக்கை பார்த்த கண்டக்டர் மேல் புகார் கொடுக்க முடியுமா? கேள்விகள் இவை. கடைசியில் ஒரு வரி: "நானும் அக்காவிடம் பஸ்ஸில் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவேன். ஆனால் அது வேறு, பாட்டுக் கூத்து இல்லை."

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் மேல் வழிப்பறி வழக்கு நிற்காது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், பொருளைப் பறித்துக்கொண்டு போவதற்கென்று 304 என்ற தனிப் பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் அதுவும் திருட்டின் ஒரு வகை. அடுத்தவர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தால்தான் அது திருட்டு. சத்தத்தை அணைக்கப் பிடுங்கினீர்கள், பஸ் முழுக்க ஆள் பார்த்தது. அந்த எண்ணம் உங்களுக்கு இருந்தது என்று யாரும் காட்ட முடியாது.

ஆனால் அதோடு கதை முடியவில்லை.

கை வைத்ததுதான் தப்பு

உங்கள் கடிதம் முழுக்க ஒரு நம்பிக்கை ஓடுகிறது. சத்தம் போட்டது அவன், ஆகவே நான் செய்த எதுவும் தற்காப்புதான் என்பது அது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தற்காப்பு உரிமை என்பது உடம்புக்கு ஆபத்து வரும்போதும், திருட்டு, சேதம், அத்துமீறல் போன்றவற்றிலிருந்து சொத்தைக் காக்கும்போதும் வருவது. காதுக்கு வந்த தொல்லைக்கு அது கிடையாது. நம் ஊரில் வயலில் புகுந்து மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம், காலை ஒடித்தால் வயல்காரர்தான் பதில் சொல்ல வேண்டும் அல்லவா, அதே கணக்குதான்.

அந்தத் தரப்பில் ஒரு வழக்கறிஞர் இருந்தால் அதே சன்ஹிதாவில் இரண்டு பிரிவுகளைத் தேடுவார். ஒன்று 324, பொருளுக்குச் சேதம் விளைவித்தல். "ஓடுகிற பஸ்ஸில் பிடுங்கினால் விழும் என்று தெரியாதா?" என்று கேட்பார். சேதம் செய்யும் எண்ணமோ, சேதமாகும் என்ற அறிவோ இருந்ததாகக் காட்டினால்தான் அந்தப் பிரிவு வரும். உங்களுக்குப் பதில் உண்டு, ஆனால் கேள்வியும் நியாயமானதுதான். இன்னொன்று, கையிலிருந்ததைப் பலவந்தமாகப் பிடுங்கியதற்காக 131, குற்றமுறு வன்முறை. இரண்டுமே சின்னக் குற்றங்கள், ஜாமீனில் விடக்கூடியவை, இரு தரப்பும் சமாதானமாகிவிட்டால் முடித்துக்கொள்ளக்கூடியவை. இந்த வகைக் குற்றங்களில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையில் இறங்க முடியாது. ஆகவே பையனின் அப்பா ஸ்டேஷனுக்குப் போனால் பெரும்பாலும் நடக்கப்போவது, புகார் வந்ததற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது போட்டு, இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவதுதான். செக்கானூரணி ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பதறாமல் போங்கள். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

சத்தத்துக்கு எதிராகச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்த 85 டெசிபல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாட்ஸ்அப் உபயமாக இருக்கலாம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ள அளவுகள் வேறு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. இவை எல்லாம் ஒரு பகுதியின் சராசரி ஒலி அளவுகள், ஒரு ஆளின் போனுக்கு வைத்தவை அல்ல. ஓடும் டவுன் பஸ்ஸில் இன்ஜினும் ஜன்னல் கண்ணாடியும் போடும் சத்தத்திலேயே உங்கள் ஆப் 55-ஐத் தாண்டிவிடும். அந்த ஸ்கிரீன்ஷாட்டை நான் கோர்ட்டில் காட்டினால் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் டிரைவர் மேல் வழக்குப் போடச் சொல்வார். அளக்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

உங்கள் உரிமைக்கு உண்மையான அடிப்படை வேறு இடத்தில் இருக்கிறது. 2005 ஜூலையில் ஒலி மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பேசவும் பாடவும் ஒருவருக்கு உரிமை உண்டு, ஆனால் கேட்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. நிம்மதியாக இருப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும். கூம்பு ஸ்பீக்கர், வெடிச் சத்தம் பற்றியெல்லாம் எழுந்த வழக்கு அது, ரீல்ஸ் அப்போது ஏது? ஆனாலும் அந்தக் கொள்கை, இறங்கிப் போகவும் வழியில்லாமல் சீட்டில் மாட்டிக்கொண்ட பயணிக்கு நன்றாகவே பொருந்தும்.

தண்டனை என்று பார்த்தால், நியாய சன்ஹிதாவில் பொதுத் தொல்லைக்கான பிரிவு 292-ஐச் சொல்லலாம். 1,000 ரூபாய் வரை அபராதம். அதற்குப் பகல், இரவு என்ற கணக்கு கிடையாது, "பத்து மணிக்கு மேல்தான் சட்டம்" என்பது தவறான நம்பிக்கை. ஆனால் ஒரு பையனின் ஒரு போன் பொதுத் தொல்லை ஆகுமா என்பது வாதத்துக்குரியது. சாதாரண பொறுமை உள்ள எந்த ஆளும் புகார் சொல்லாத அளவு அற்பமான தீங்கு குற்றமே ஆகாது என்று அதே சன்ஹிதாவின் 33-ஆவது பிரிவு சொல்கிறது. காதுகுத்துக்கு மூன்று நாள் குழாய் ரேடியோ கட்டிப் பழகிய ஊர் நம் ஊர், இங்கே "சாதாரண பொறுமை" எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த "ஓசி" பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதத்திலேயே உங்களை அதிகம் சுட்டது அதுதான் என்று படுகிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது 2021 மே மாதம் முதல் அரசு தந்திருக்கும் ஏற்பாடு. உங்கள் கட்டணத்தை அரசே போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. கண்டக்டர் கிழித்துத் தரும் அந்தச் சீட்டு முழுமையான பயணச் சீட்டு. காசு கொடுத்தவருக்கு உள்ள ஒவ்வொரு உரிமையும் உங்களுக்கும் உண்டு. இதை யாரிடமும் சங்கடப்பட்டுக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

முந்திக் கொடுக்கும் புகார்

தோழி சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தமிழ்நாடு பெண்கள் மீதான துன்புறுத்தல் தடைச் சட்டம் 1998 எதற்காக வந்தது என்பது செவிலியரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "ஓசியில வர்றீங்க" என்பது மரியாதை கெட்ட பேச்சு, அவ்வளவுதான். அவன் உங்களைத் தொடவில்லை, ஆபாசமாக எதுவும் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடக்காததைச் சேர்த்து எழுதினால், பொய்ப் புகாருக்கான பிரிவு உங்கள் பக்கம் திரும்பும். தோழி எடுத்த வீடியோவே அதற்குச் சாட்சியாகவும் ஆகிவிடும். ஒருவேளை அவன் உங்களைப் பார்த்துக் கண்ணடித்தோ, விசிலடித்தோ, பாட்டுப் பாடிக் கிண்டல் செய்தோ இருந்தால் அது வேறு விஷயம். 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளின்படி அப்படிப்பட்டவரை இறக்கிவிடவோ, ஸ்டேஷனில் ஒப்படைக்கவோ கண்டக்டருக்கு அதிகாரம் உண்டு.

வீடியோ உங்களிடமே இருக்கட்டும். வெட்டாமல், எடிட் செய்யாமல், எடுத்த போனிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தையில் தகராறு வந்தால் காட்டலாம், ஸ்டேஷனில் கேட்டால் கொடுக்கலாம். பொது இடத்தில் வீடியோ எடுத்ததே குற்றமா என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள், இல்லை. ஃபேஸ்புக்கில் போடுவதில்தான் வில்லங்கம். முகம் தெரிய ஒருவனை ஊர் முழுக்க அவமானப்படுத்தினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வாசலைத் திறந்து வைக்கிறீர்கள். பாலிடெக்னிக் பையன் என்கிறீர்கள், பதினெட்டு நிறையாதவனாகவும் இருக்கலாம், அப்படியானால் சிக்கல் இன்னும் கூடும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீடியோவில் அவன் பேசுவது மட்டுமா இருக்கிறது, நீங்கள் பிடுங்குவதும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எந்த நொடியை வெட்டிப் பரப்புவார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா?

கண்டக்டரும் கழகமும்

உங்கள் கோபத்தில் நியாயமான பங்கு போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. பஸ்ஸுக்குள் ஒழுங்கைக் காப்பது கண்டக்டர் வேலை. சக பயணிக்குத் தொல்லை தருகிறவரைக் கண்டிக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நீங்கள் எழுந்திருக்கவே மாட்டீர்கள். அதே சமயம் அவர் நிலையையும் பாருங்கள். நெரிசலில் ஆள் ஏற்றி, சீட்டுக் கிழித்து, படியில் தொங்கும் பிள்ளைகளை உள்ளே வா உள்ளே வா என்று கத்தி, நடுவில் ஒரு ரீல்ஸ் பஞ்சாயத்தும் பார்க்க வேண்டுமென்றால், அவர் கையில் "இது கழக உத்தரவு" என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

கர்நாடகத்தில் அந்தக் காகிதம் இருக்கிறது. 2021 நவம்பரில், உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைத் தொடர்ந்து, அரசு பஸ்களில் ஸ்பீக்கரில் பாட்டு, வீடியோ போடக் கூடாது என்று அங்கே சுற்றறிக்கை வந்தது. சொல்லியும் கேட்காத பயணியை இறக்கிவிடலாம், இறங்கும்வரை பஸ்ஸை நிறுத்தி வைக்கலாம். மும்பையின் பெஸ்ட் (BEST) நிறுவனத்து பஸ்களிலும் 2023 ஏப்ரலில் இதே போன்ற உத்தரவு போட்டார்கள்.

ஆகவே அந்த ஒரு கண்டக்டர் மேல் புகார் எழுதுவதைவிட, அரசுப் போக்குவரத்துக் கழக மதுரை நிர்வாக இயக்குநருக்கு ஒரு மனு எழுதுங்கள். தடம் எண், பஸ் எண், நேரம் எல்லாம் இருக்கட்டும், உங்கள் சீட்டிலேயே பாதி விவரம் இருக்கும், தூக்கிப் போடாதீர்கள். கோரிக்கை இரண்டே: ஸ்பீக்கரில் போடக் கூடாது என்று சுற்றறிக்கை, பஸ்ஸுக்குள் கண்ணில் படும்படி ஓர் அறிவிப்பு. கூட வேலை பார்ப்பவர்களும் கையெழுத்துப் போட்டால் நல்லது. நைட் டூட்டி முடித்துத் திரும்பும் செவிலியர்கள் என்று ஆரம்பித்தால் அந்த மனுவுக்குத் தனிக் கனம் வரும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுக்கலாம். பதிலே வராவிட்டால் பிறகு உயர் நீதிமன்றக் கிளையை நாடலாம், ஆனால் மனு கொடுக்காமல் நேரே அங்கே போனால் "அதிகாரிகளிடம் கேட்டீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ரயிலில் போகும்போது நிலைமை மேல். இரவு பத்து மணிக்கு மேல் சத்தமாகப் பேசுவதோ, ஹெட்போன் இல்லாமல் பாட்டுக் கேட்பதோ கூடாது, ஊழியர்கள் தலையிட வேண்டும் என்று ரயில்வே வாரியம் 2022 ஜனவரியில் சொல்லிவிட்டது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போகும்போது டி.டி.இ.யிடம் சொல்லுங்கள், அல்லது ரயில்வே உதவி எண் 139-க்கு அடியுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வார்டிலும் பார்வையாளர்கள் ஸ்பீக்கரில் போடுகிறார்கள், அங்கே வாயைத் திறக்க முடிவதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்று அந்த 2000 விதிகளில் உள்ளது, அறிவித்த இடத்தில் பாட்டுப் போடுவதே மீறல். அறிவிப்பு இல்லாவிட்டாலும் தன் கட்டடத்துக்குள் விதி வைக்க நிர்வாகத்துக்கு முழு அதிகாரம் உண்டு. பஸ்ஸைவிட அங்கே உங்கள் கை ஓங்கியிருக்கிறது. மேட்ரனிடம் பேசிப் பாருங்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனே கொண்டு போக முடியாது, ஊரே வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறது. விதியைத் தெளிவாகச் சொல்லி, வைத்துவிட்டுப் போக ஒரு வசதியும் செய்து கொடுத்தால் நம் ஜனம் கேட்கத்தான் செய்கிறது.

அக்காவோடு பேசுவது

அது வேறு இல்லை, சகோதரி. பக்கத்துச் சீட்டில் தூங்குகிறவருக்கு உங்கள் அக்காவின் மாமியார் கதையும் ரீல்ஸ் பாட்டும் ஒன்றுதான்.

"படிக்காத ஜனங்களுக்கு எங்கே தெரியும்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு வாயாடியவன் பாலிடெக்னிக் மாணவன் என்பதை மறந்துவிட்டீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு ஆச்சி, துபாயில் இருக்கும் பேரன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில்தான் கேட்பார், அவருக்கு வேறு வழியில்லை. காது மந்தமானவர் சத்தமாகத்தான் பேசுவார். அரை நிமிட வாய்ஸ் மெசேஜும் அரை மணி நேர ரீல்ஸும் ஒன்றல்ல. யாரைக் கேட்பது, யாரை விடுவது என்று நீங்கள்தான் நிதானிக்க வேண்டும்.

கேட்கும் முறையும் கொஞ்சம் மாறலாம். "கம்மி பண்ணு" என்று ஆரம்பித்தால் பையன்களுக்கு அது அதிகாரமாகப் படுகிறது. "நைட் டூட்டி பார்த்துட்டு வர்றேன் தம்பி, தலை வலிக்குது, ஹெட்செட் இருந்தா போட்டுக்கிறியா?" என்று காரணத்தை முதலில் சொல்லிப் பாருங்கள். அப்படியும் கேட்காவிட்டால் இரண்டாவது முறை அவனிடம் போகாதீர்கள், கண்டக்டரிடம் போங்கள், அல்லது இடம் மாறிக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் காதில் வைக்கும் பஞ்சடைப்பான் கிடைக்கும், பையில் ஒரு ஜோடி போட்டு வையுங்கள். அவன் செய்கிற தப்புக்கு நான் ஏன் காதை அடைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் சுற்றறிக்கை வரும்வரை தூக்கம் உங்களுக்குத்தான் வேண்டும்.

பேச்சுக்குப் போகும்போது

14,000 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. உடைந்தது டிஸ்ப்ளே, புது போன் வாங்கித் தரும் கடமை உங்களுக்கு இல்லை. சர்வீஸ் சென்டரில் டிஸ்ப்ளே மாற்ற என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள். அந்தத் தொகையை நீங்களே ஏற்றுக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். பையன் பேசியதற்குப் பாதி கழியுங்கள் என்று பேரம் பேச இடமிருக்கிறது, ஆனால் அந்த மிச்சத்துக்காக இரண்டு மாதம் ஸ்டேஷனுக்கு நடக்கத் தயாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தை அப்பா கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். கடைக்கே நேராகக் கட்டி, பில்லில் அவர் பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் தாளில் ஓர் எழுத்து எழுதி இருவரும், இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். தேதி, சம்பவம், பழுது பார்த்த தொகை, இனி இது தொடர்பாக ஒருவர் மேல் ஒருவர் புகாரோ வழக்கோ கொடுப்பதில்லை என்ற வாசகம், இவை போதும். "நான் குற்றம் செய்தேன்" என்று எங்கும் எழுதாதீர்கள். "எதிர்பாராமல் கீழே விழுந்து சேதமடைந்தது" என்பதே நடந்தது. பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் பேச்சுக்கே வரமாட்டேன் என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு, சமரசத்துக்கு அவர்களே நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிடுவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அதற்குமுன் தோழியிடம் சொல்லி அந்த வீடியோவை இன்னொரு இடத்திலும் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.